பனியாற்று ஓடையில் ஒட்டுப்பாசி: பருவம் பருவமாக மாதிரி எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்த ஒரு மாணவி தன் அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினார். இமயமலைப் பனியாற்றில் பிறக்கும் பாகீரதியில் ஓராண்டு அலைந்து எடுத்த கணக்கு. ஆகஸ்டில் பாசிப் பன்மை (எத்தனை வகைப் பாசி, எவ்வளவு சமமாகக் கலந்து இருக்கிறது என்பது) உச்சம், நவம்பரில் மிகக் குறைவு என்று வந்திருந்தது. ஆகஸ்டு பாகீரதியை ஒருமுறை பார்த்தவர்கள்கூட இதை நம்ப மாட்டார்கள். சிமெண்ட் கரைத்த மாதிரி சாம்பல் நிறத்தில், கல்லை உருட்டிக்கொண்டு போகும் தண்ணீர் அது.

அவர் எண்ணியதில் தப்பில்லை, கூட்டியதிலும் தப்பில்லை. எண்ணுவதற்கு நாலு படி முன்னாலேயே விஷயம் கெட்டுப்போயிருந்தது. அதன்பிறகு புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது படிகளின் வரிசையைப் பற்றித்தான்.

இதைக் கங்கோத்ரி முதல் ஹர்சில் வரையிலான பாகீரதியை மனதில் வைத்து எழுதுகிறேன். மந்தாகினிக்கோ அலக்நந்தாவின் மேல்பகுதிக்கோ போனால் தேதிகள் மாறும், வரிசை மாறாது. ஒட்டுப்பாசி என்று இங்கே சொல்வது நீரில் கிடக்கும் கல்லில் வழுவழுவென்று பிடித்திருக்கும் அத்தனையையும்: டயாட்டம் (கண்ணாடி போன்ற ஓடுள்ள ஒற்றைச் செல் பாசி), நீலப்பச்சைப் பாசி, பச்சை இழைப்பாசி, பொன்பாசி எல்லாம்.

1. முதலில் தண்ணீரின் வருடத்தைக் குறியுங்கள்

மாதம் ஒரு தடவை, 15-ஆம் தேதி என்று திட்டம் போட்டுக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். சமவெளி ஆற்றுக்கு அது போதும். இங்கே தண்ணீர் எப்போது தெளிகிறது, எப்போது கலங்குகிறது என்பதுதான் பாசியின் பருவம். கோடை, குளிர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பனியாறு நகரும்போது அடியில் உள்ள பாறையை அரைத்துக்கொண்டே வருகிறது. அந்தப் பாறை மாவு உருகுநீரில் கலந்து வந்து வெளிச்சத்தை மறைக்கும். போதாததற்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி கல்லின் மேற்பரப்பையும் தேய்க்கும்.

பாகீரதியில் ஆண்டு சுமாராக இப்படிப் போகும். மே, ஜூனில் பனி உருகி நீர் ஏறும். ஜூலை, ஆகஸ்டில் பனியாற்றின் உருகுநீரோடு பருவமழையும் சேரும். பாசிக்கு அதைவிட மோசமான காலம் இல்லை. செப்டம்பர் பிற்பாதியில் இரவுக் குளிர் கூடக்கூட உருகுவது குறைந்து தண்ணீர் நீலப்பச்சையாகத் தெளியும். அக்டோபர், நவம்பரில் வெயிலும் உண்டு, ஓட்டமும் தணிந்திருக்கும். கல்லில் பாசி தடிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேலே பனி மூடிவிடும், ஆனால் ஹர்சில் பக்கம் ஆறு திறந்தே ஓடும். மார்ச், ஏப்ரலில், பெரிய உருகல் தொடங்கும் முன்னால், இன்னொரு சின்ன வாய்ப்பு.

ஆகவே 12 பயணம் என்றால் அதைச் சமமாகப் பிரிக்காதீர்கள். தண்ணீர் தெளியும் செப்டம்பர்–நவம்பரிலும், கலங்கப்போகும் மார்ச்–மே மாதங்களிலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று என நெருக்கமாகப் போங்கள். மாற்றம் வேகமாக நடப்பது அப்போதுதான். ஜூலை–ஆகஸ்டுக்கு இரண்டு பயணம் போதும். ஒவ்வொரு முறையும், கடைசியாகப் பெரிய வெள்ளம் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று விசாரித்து எழுதுங்கள். தேய்ந்துபோன கல்லில் பாசி ஓரளவுக்குத் திரும்பப் பிடிக்க மூன்று நாலு வாரம் ஆகும். அந்த ஒரு எண் இல்லாவிட்டால் பிற்பாடு பல ஏற்ற இறக்கங்களுக்கு விளக்கமே கிடைக்காது. சாலையோரத் தேநீர்க் கடையில் “பானி கப் ஸாஃப் ஹுவா?” (தண்ணீர் எப்போது தெளிந்தது?) என்று கேட்டால் போதும், தேதியோடு சொல்வார்கள்.

2. அனுமதியும் உயிரும்

கங்கோத்ரிக்கு மேலே, பனியாற்றின் வாயான கோமுக் வரை தேசியப் பூங்கா. நடைபயண அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு மாதிரி எடுக்க முடியாது. ஆராய்ச்சி அனுமதியை மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தனியாக வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பூங்கா நவம்பர் கடைசியில் மூடி ஏப்ரலில்தான் திறக்கும். அதனால் குளிர்காலத் தரவு வேண்டுமென்றால் பூங்காவுக்கு வெளியே ஓரிடமாவது இருந்தே ஆக வேண்டும். இதை யோசிக்காமல் மாதிரி எடுக்கும் மூன்று நிலையத்தையும் மேலேயே வைத்துவிட்டு, டிசம்பரில் கதவுக்கு முன்னால் நின்றவர்கள் உண்டு.

பாதுகாப்புக்கு ஒரே விதி சொல்கிறேன். செங்குத்தான பக்க ஓடை வந்து சேரும் வாயில் கூடாரம் போடாதீர்கள், நிலையமும் வைக்காதீர்கள். 2025 ஆகஸ்டு 5 அன்று ஹர்சிலுக்கு அருகே தராலி ஊரில், கீர் காட் ஓடை வழியாக இறங்கிய சேறும் கல்லும் வீடுகளைப் புதைத்தது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் ‘காட்’, ‘கதேரா’ என்று பெயர் முடிந்தால் அது ஓடை. மேலே மேகம் கருத்தால் கீழே வெயில் அடித்தாலும் கரை ஏறிவிடுங்கள்.

3. நிலையங்களைத் தேர்வது

குறைந்தது மூன்று வேண்டும். பனியாற்று வாய்க்குக் கூடுமான அளவு அருகில் ஒன்று, போஜ்பாசா பக்கம். நடுவில் கங்கோத்ரிக்குச் சற்று மேலே ஒன்று. ஆண்டு முழுவதும் எட்டக்கூடியதாக ஹர்சில் அருகே ஒன்று. முடிந்தால் நாலாவதாக, பனியாற்று நீர் கலக்காத, ஊற்றிலிருந்து வரும் தெளிந்த ஒரு பக்க ஓடை. இந்த நாலாவதைத்தான் எல்லோரும் செலவு என்று வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். அதே வெயிலில், பாறை மாவு இல்லை என்றால் பாசி எப்படி இருக்கும் என்று காட்ட வேறு வழி கிடையாது.

கோயில் படித்துறையில் நிலையம் வைக்கக் கூடாது. யாத்திரை அட்சய திருதியையில் தொடங்கி தீபாவளியை ஒட்டி முடிகிறது. சோப்பு, நெய், பூ, கழிவுநீர் எல்லாம் அதே மாதங்களில்தான் ஆற்றில் சேரும். பருவத்தின் விளைவு எது, கூட்டத்தின் விளைவு எது என்று பிறகு பிரிக்கவே முடியாது. ஊருக்கு மேலே போய்விடுங்கள்.

இன்னொன்று: ஜூலையில் பாகீரதியின் நடு ஆற்றில் யாராலும் இறங்க முடியாது. கரையோரக் கல்லைத்தான் எடுப்பீர்கள். ஆனால் அந்தக் கல் இரண்டு வாரம் முன்புவரை வெளியே காய்ந்து கிடந்ததாக இருக்கலாம். அக்டோபரில் எடுக்கும் கல்லோ மாதக்கணக்காக நீருக்குள் கிடந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் நீர்மட்டத்தின் கதைதான் வரும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஏப்ரலிலேயே கரைப்பாறையில் பெயிண்டால் மட்டக்கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் நீர் கோட்டுக்கு எவ்வளவு மேலே, கீழே என்று எழுதுவது. அப்போதுதான் கல் எத்தனை நாளாக நனைந்திருக்கிறது என்று மதிப்பிடலாம். இன்னொன்று, இறங்கி நிற்கக்கூடிய சின்ன ஓடையைத் தேர்வது. டோக்ரியானி பனியாற்றிலிருந்து வரும் தின் காட் அப்படி ஒன்று. வாடியா இமாலய நிலவியல் நிறுவனம் பல ஆண்டுகளாக அந்தப் பனியாற்றை ஆராய்ந்து வருவதால், நீரோட்டத்தைப் பற்றிய பின்னணியும் கிடைக்கும். தனியாள் ஆராய்ச்சிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

கடினமான நைலான் டூத்பிரஷ், ஒரு நிலையத்துக்கு ஒன்று. பழையதைக் கழுவி அடுத்த நிலையத்தில் தேய்த்தால் நார் இடுக்கில் இருக்கும் டயாட்டங்களும் கூடவே வந்துவிடும். 3 செ.மீ. சதுரம் வெட்டிய ரப்பர் அச்சு, வெள்ளைத் தட்டு, பீச்சு பாட்டில், மடக்குக் கத்தி, 100 மி.லி. அளவுக் குடுவை. வெப்பமானி, மின்கடத்துதிறன் மானி, பிஹெச் மானி, கலங்கல் மானி. கண்ணாடி இழை வடிதாள், கைப்பம்பு, அலுமினியத் தாள். மாதிரியைப் பதப்படுத்த லூகால் கரைசல் (அயோடின் கரைசல்), ஃபார்மலின், பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள். முடிந்தால் பேட்டரியில் ஓடும் சின்ன நுண்ணோக்கி.

பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதி ஒன்றைப் பாட்டிலுக்கு உள்ளேயும் போடுங்கள். மார்க்கர் மை பனியில் நனைந்தும் கையுறை உரசியும் போய்விடும்.

ஃபார்மலினைக் குளிரில் வெளியே வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிந்து வீரியம் குறையும். கசியாத பாட்டிலில் போட்டு, இரண்டு உறைக்குள் வைத்து, அறையின் கதகதப்பில் வையுங்கள். பிஹெச் மானியும் குளிர்ந்த, உப்பு குறைந்த நீரில் நிலைக்க நேரம் எடுக்கும். பத்து நிமிடம் வரை பொறுங்கள். முதல் நிமிடத்தில் வந்த எண்ணை எழுதிக்கொண்டு போனவர்களின் பிஹெச் வரைபடம் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

5. காலையிலேயே போய்விடுங்கள்

பனியாற்று ஓடைக்கு ஒரு நாளுக்குள்ளேயே ஒரு குட்டி வெள்ளம் உண்டு. வெயில் ஏறப் பனி உருகி, வாய்க்கு அருகில் பிற்பகலில் நீர் உச்சத்துக்கு வரும். 18 கி.மீ. கீழே கங்கோத்ரிக்கு அது வர இன்னும் நேரமாகும். விடியற்காலையில்தான் நீர் குறைவு, தெளிவு. எல்லா நிலையத்திலும் எல்லாப் பயணத்திலும் காலை 7 முதல் 9 மணிக்குள் முடியுங்கள். ஒரு மாதம் காலையிலும் மறு மாதம் மாலையிலும் அளந்தால் கலங்கலிலும் மின்கடத்துதிறனிலும் வரும் வித்தியாசம் பருவத்தால் வந்தது போலவே தோன்றும். பாதுகாப்புக்கும் இதுவே நல்லது.

இடத்துக்குப் போனதும் வரிசை இது: கீழிருந்து மேலாக நடப்பது, முதலில் நீர், பிறகு கல். மேலே காலை வைத்து மண்ணைக் கிளறினால் கீழே எடுக்கும் நீர்மாதிரி கெட்டது.

சத்துப்பொருள் பார்க்கும் நீரை 0.45 மைக்ரான் வடியில் அங்கேயே வடிகட்டுங்கள். பாறை மாவோடு கட்டுண்ட பாஸ்பரஸ் நிறைய வரும், அதில் பெரும்பகுதியைப் பாசியால் உடனே எடுக்க முடியாது. வடிகட்டாமல் மொத்தப் பாஸ்பரஸை அளந்துவிட்டு, “ஆகஸ்டில் ஊட்டம் அதிகம், ஆனால் பாசி குறைவு, ஏன்?” என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

6. கல்லை எடுப்பதும் சுரண்டுவதும்

தப்பு அதிகம் நடக்கும் படி இது. கை தானாகவே பச்சையாக, வழுவழுப்பாக இருக்கும் கல்லுக்குப் போகும். நான் பார்த்தவரை எல்லோருக்கும் போகும், எனக்கும் போகும். அதனால் கண்ணை நம்பாதீர்கள். கரைக்குக் குறுக்கே கயிறு கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு நேர் கீழே காலில் முதலில் தட்டுப்படும் கல்லை எடுங்கள். வெறும் கல்லாக இருந்தாலும் அதுதான் உங்கள் மாதிரி.

கல்லின் அளவு 10 முதல் 25 செ.மீ. வரை. அதைவிடச் சிறியது சின்ன வெள்ளத்துக்கே உருண்டுவிடும், பெரியதைத் தூக்க முடியாது. ஆழம் 30 செ.மீ.க்குள், ஓட்டம் மிதமான இடம். ஒரு நிலையத்துக்கு ஐந்து கல். அதேபோல் மூன்று தொகுப்பு எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கொட்டினால் ஒரே இடத்துக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பது தெரியாமலே போகும். பிறகு எந்தப் புள்ளியியல் சோதனைக்கும் வழியில்லை.

கல்லை நீருக்குள்ளேயே மேல்பக்கம் மேலாக இருக்கும்படி பிடித்து, மெதுவாகத் தட்டுக்கு மாற்றுங்கள். விருட்டென்று தூக்கினால் தளர்வாக ஒட்டியிருக்கும் இழைகள் ஓட்டத்தோடு போய்விடும். அடுத்து, மேலே படிந்த தளர்ந்த வண்டலை பீச்சு பாட்டிலால் ஒரே ஒரு தடவை, மெல்ல, அழுத்தம் இல்லாமல் கழுவுங்கள். இதைச் செய்யலாமா கூடாதா என்று சண்டை உண்டு. என் கட்சி: செய்யலாம், ஆனால் கழுவிய நீரை வீசாமல் தனிப் பாட்டிலில் வைக்க வேண்டும். அதில் என்ன போயிற்று என்று ஒருமுறையாவது பார்த்தால்தான் நீங்கள் கழுவுவது மென்மையா முரட்டுத்தனமா என்று தெரியும்.

ரப்பர் அச்சைக் கல்லின் மேல்பக்கத்தில் அழுத்திவைத்து, அந்த 9 சதுர செ.மீ.க்குள் மட்டும் முதலில் கத்தியால் சுரண்டி, பிறகு டூத்பிரஷால் வட்டமாகத் தேய்த்து, பீச்சு பாட்டிலால் தட்டில் இறக்குங்கள். கத்தி மட்டும் போதாது. அக்னாந்திடியம், காக்கோனீஸ், கேமசைஃபன் போன்ற பாசிகள் கல்லின் குழிகளுக்குள் படுத்த மாதிரி ஒட்டியிருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் இந்த வகைதான். காம்பில் நிற்கும் கோம்ஃபோனீமாவும் சிம்பெல்லாவும்தான் முதலில் அடித்துப்போகும். பிரஷ் போடாவிட்டால் மழைக்காலக் கல்லில் ஒன்றுமே இல்லை என்று வரும், அது பொய். கல் வெளுத்து, விரலால் தடவினால் சொரசொரப்பு தட்டும்வரை தேயுங்கள்.

ஐந்து கல்லிலும் சுரண்டியதைச் சேர்த்து 100 மி.லி.க்கு நிரப்பினால், பாட்டிலில் இருப்பது 45 சதுர செ.மீ. பாசி. இந்த இரண்டு எண்ணையும் அங்கேயே எழுதிவிடுங்கள். எவ்வளவு நீர் ஊற்றினோம் என்று நினைவிலிருந்து எழுதிய நோட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

7. பதப்படுத்தும் முன் உயிரோடு பாருங்கள்

ஆரம்பத்தில் சொன்ன மாணவி தவறவிட்ட படி இது. பாட்டில் நிரம்பியதும் ஆற்றங்கரையிலேயே லூகாலை ஊற்றிவிட்டார். வழக்கமாக எல்லோரும் செய்வதுதான், ஆனால் இங்கே அது இரண்டு வகையில் கெடுக்கும்.

முதலாவது, ஹைட்ரூரஸ் ஃபீடிடஸ். குளிர்ந்த பனியாற்று ஓடைகளுக்கே உரிய பொன்பாசி. நீருக்குள் பார்த்தால் பழுப்பு அணில்வால் மாதிரி ஓட்டத்தில் அலையும். கையில் எடுத்தால் நறுக்கிய வெண்டைக்காய்க் கொழகொழப்பு, கூடவே மீன் நாற்றம். பெயரிலேயே நாற்றம் இருக்கிறது. நீர் 10 டிகிரியைத் தாண்டினால் இதைப் பார்ப்பது அரிது. எடுத்த சிறிது நேரத்தில், கதகதப்பான அறையில் வைத்தாலே, கூழ் கரைந்து செல்கள் தனித்தனியாக உருண்டைகளாகிவிடும். பதப்படுத்தினால் இன்னும் மோசம். பிறகு நுண்ணோக்கியில் தெரிவது அடையாளம் சொல்ல முடியாத பழுப்பு உருண்டைகள்தான். டயாட்ட ஓட்டைச் சுத்தம் செய்ய அமிலமும் பெராக்சைடும் ஊற்றினால் இதன் சுவடே இருக்காது. இலையுதிர்காலத்தில் கல்லை மூடிக்கிடந்த பாசி அட்டவணையில் பூஜ்யமாக வரும் விநோதம் இப்படித்தான் நடக்கிறது.

இரண்டாவது, டயாட்டத்தின் ஓடு கண்ணாடி மாதிரி. செல் செத்தாலும் ஓடு சீக்கிரம் கரையாது. மழைக்காலத்தில் பக்க ஓடைகளிலிருந்தும் மேலேயுள்ள ஈரப்பாறைகளிலிருந்தும் வெற்று ஓடுகள் அடித்துவந்து கல்லின் வண்டலில் சிக்கும். சுத்தம் செய்த ஸ்லைடில் உயிரோடு இருந்ததும் வெற்று ஓடும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால் அன்று மாலையே, மாதிரியைப் பனிக்கட்டியோடு குளிரவைத்துக் கொண்டுவந்து, ஒரு சொட்டு எடுத்து 400 மடங்கில் பாருங்கள். 100 டயாட்டங்களை எண்ணி, எத்தனைக்குள் பொன்பழுப்பு நிறமி இருக்கிறது (அவை உயிருள்ளவை), எத்தனை வெறும் ஓடு என்று எழுதுங்கள். ஹைட்ரூரஸோ, யூலோத்ரிக்ஸ், ஃபார்மிடியம் போன்ற இழைப்பாசிகளோ இருந்தால் கைபேசியிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. களைப்பாக, விரல் விறைத்து, ரொட்டியும் பருப்பும் ஆறிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டியிருக்கும் என்பதால்தான் எல்லோரும் நாளைக்கு என்று தள்ளுகிறார்கள்.

8. பங்கு பிரிப்பது

பாட்டிலை நன்றாகக் குலுக்கி உடனே அளந்து ஊற்றுங்கள். பாறை மாவு நொடிகளில் அடியில் இறங்கத் தொடங்கும், கூடவே பாசியையும் இழுத்துக்கொண்டு போகும். 20 மி.லி. குளோரோஃபிலுக்கு, 20 மி.லி. உலர் எடைக்கு, மீதி 60 எண்ணிக்கைக்கு.

எண்ணும் பங்கில் வெளுத்த தேநீர் நிறம் வரும்வரை லூகால். பிளாஸ்டிக் பாட்டில் அயோடினை உறிஞ்சும், வெளிச்சம் அதைக் கெடுக்கும்; பழுப்புக் கண்ணாடியே சரி. ஆறு மாதத்துக்கு மேல் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதிலிருந்து ஒரு பகுதியை ஃபார்மலினில் தனியாக வையுங்கள்.

9. குளோரோஃபிலும் உலர் எடையும்

20 மி.லி.யை வடிதாளில் வடித்து, மடித்து, அலுமினியத் தாளில் சுற்றி, உறையவைத்துக் கொண்டுபோங்கள். வழியில் பனிக்கட்டியோடு உப்பு கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கள் செய்த அதே வித்தை. ஆய்வகத்தில் 90 சதவீத அசிட்டோனில், இருட்டில், 4 டிகிரியில் ஓர் இரவு ஊறவிடுங்கள்.

சாற்றைக் கண்டிப்பாக மையவிலக்கியில் சுழற்றுங்கள். நுண்ணிய பாறை மாவு சாற்றில் மிதந்தால் ஒளியைச் சிதறடித்து அளவைக் கூட்டிக் காட்டும். 750 நானோமீட்டரிலும் அளந்து கழிக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். 664-இல் அளந்துவிட்டு, சொட்டு அமிலம் விட்டு 665-இல் மறுபடி அளந்தால் சிதைந்த நிறமியின் பங்கு தெரியும். இரண்டின் விகிதம் 1.7 அருகே இருந்தால் பாசி நல்ல உயிரோடு இருந்தது, 1.0-ஐ நெருங்கினால் பெரும்பாலும் செத்தது. 7-ஆம் படியில் எண்ணிய வெற்று ஓட்டுக் கணக்கோடு இது ஒத்துப்போக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு அடிக்கடி விடுபடும். 100-இல் 20 மி.லி. வடித்தால் அந்த வடிதாளில் இருப்பது 45 அல்ல, 9 சதுர செ.மீ. பாசி. 45-ஆல் வகுத்துவிட்டு ஐந்து மடங்கு குறைவாக எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

உலர் எடைக்கு 105 டிகிரியில் காயவைத்து எடை, 500 டிகிரியில் எரித்து மறுபடி எடை, போனது உயிர்ப்பொருள். ஆனால் பனியாற்று வண்டலில் உள்ள களிமண் கனிமங்கள் சூட்டில் தங்களுக்குள் இருக்கும் நீரையும் விட்டுவிடும். அதுவும் உயிர்ப்பொருள் கணக்கில் ஏறிவிடும். எரித்த சாம்பலைச் சொட்டு நீரால் நனைத்து, திரும்ப 105 டிகிரியில் காயவைத்த பிறகு எடை போடுங்கள்.

10. டயாட்டம் ஸ்லைடு

முதலில் லூகாலையும் ஃபார்மலினையும் நீரால் மூன்று நாலு தடவை கழுவி நீக்குங்கள். ஃபார்மலின் மிச்சத்தின்மேல் பெராக்சைடு ஊற்றுவது ஆபத்து, வேகமாகப் பொங்கி வெடிக்கக்கூடும். பிறகு 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில், புகைக்கூண்டுக்குள், மெல்லச் சூடாக்குங்கள். நுரை அடங்கியதும் சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம். மறுபடி நடுநிலை வரும்வரை கழுவல். ஒவ்வொரு தடவையும் ஓர் இரவு படியவிட்டு மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். அவசரப்பட்டால் சின்ன அக்னாந்திடியம்தான் முதலில் போகும்.

பாறை மாவு டயாட்டங்களை மறைக்கும்போது வண்டலைச் சில நொடி படியவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கனமான பெரிய இனங்கள் அடியில் தங்கிவிடும். மாதிரியை நீர்த்துப்போகச் செய்து, நாலைந்து ஸ்லைடு போட்டு, அதிகப் புலங்களைப் பாருங்கள். நேரம்தான் கூடும்.

பூச்சுக்கு நாஃப்ராக்ஸ் போன்ற, ஒளிவிலகல் எண் 1.7 அளவில் உள்ள பிசின் வேண்டும். டயாட்டத்தின் சிலிக்கா 1.45 அருகே. கனடா பால்சம் 1.53, இரண்டும் நெருங்கிவருவதால் ஓட்டின் கோடுகள் மங்கிவிடும்.

11. எண்ணுவது

இரண்டு தனித்தனி வேலை. லூகால் பங்கில் எல்லாப் பாசியின் செல்களையும் எண்ணி அடர்த்தி. சுத்தம் செய்த ஸ்லைடில், எண்ணெயிட்டு 1000 மடங்கில், 400 டயாட்ட ஓட்டுப் பாதிகளை இனம்வாரியாக எண்ணிப் பங்கு.

அடர்த்திக்கு ஒரு மாதிரிக் கணக்கு. 1 மி.லி. எண்ணும் அறையில் 1,000 கட்டம். 20 கட்டத்தில் 180 செல் என்றால் மி.லி.க்கு 9,000, 100 மி.லி.க்கு 9 லட்சம். 45-ஆல் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 20,000 செல்.

இழைப்பாசியை ஒரு மாதம் இழையாகவும் மறு மாதம் செல்லாகவும் எண்ணாதீர்கள். ஃபார்மிடியம் போன்றவற்றில் செல்லைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். 10 மைக்ரான் நீளம் ஓர் அலகு என்று முதல் நாளே முடிவு செய்து நோட்டின் அட்டையில் எழுதிவிடுங்கள். எண்ணுபவர் பாட்டிலின் மாதத்தைப் பார்க்காமல் எண்ணுவது இன்னும் நல்லது. நவம்பர் என்று தெரிந்தாலே கண் ஹன்னேயா என்ற டயாட்டத்தைத் தேட ஆரம்பிக்கும்.

12. பன்மைக் கணக்கு, அந்த ஆகஸ்டு உச்சம்

பன்மையை ஒரே எண்ணாகச் சொல்லும் ஷானன் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து இனம், 400 ஓடு. ஒரு ஸ்லைடில் ஓர் இனம் 280, மற்ற நாலும் தலா 30. குறியீடு 1.03. இன்னொரு ஸ்லைடில் ஐந்தும் தலா 80. குறியீடு 1.61. இரண்டாவதில்தான் பன்மை அதிகம் என்று கணக்கு சொல்லும். (இது இயல் மடக்கையில். அடிமானம் 2 வைத்தால் 1.48, 2.32 என்று வரும். எது என்று எழுதாமல் வேறொருவர் எண்ணோடு ஒப்பிடுவது வேறொரு பழைய நோய்.)

முதலாவது நவம்பர் கல் மாதிரி: அக்னாந்திடியம் மினுட்டிசிமம் ஆட்சி செய்யும், சதுர செ.மீ.க்கு ஏராளமான செல். இரண்டாவது ஆகஸ்டு கல் மாதிரி: கல்லில் அனேகமாக ஒன்றுமில்லை, எங்கிருந்தோ வந்த ஓடுகள் ஆளுக்குக் கொஞ்சமாக. 400 சேர்க்க ஸ்லைடு முழுக்கத் தேட வேண்டியிருக்கும். மாணவியின் அட்டவணையில் நடந்தது இதேதான். அவர் நோட்டில் ஆகஸ்டுக்கு ஒன்பது ஸ்லைடு, நவம்பருக்கு ஒன்று என்று பதிவு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டது.

ஆகவே குறியீட்டைத் தனியாகப் போடாதீர்கள். பக்கத்திலேயே அடர்த்தி, குளோரோஃபில், உயிருள்ள ஓட்டின் சதவீதம் மூன்றும் இருக்க வேண்டும். உயிருள்ளவை பாதிக்கும் கீழே போன மாதத்துக்கு ஸ்லைடின் இனப்பட்டியலை அந்த இடத்தின் பாசி என்று எழுத வேண்டாம், வந்துசேர்ந்தவையும் சேர்ந்தது என்று எழுதுங்கள். இன எண்ணிக்கையை ஒப்பிடும் முன் எல்லா மாதிரியையும் ஒரே எண்ணிக்கைக்கு இறக்கிக்கொள்ளுங்கள்; ஆர் மென்பொருளின் வீகன் தொகுப்பில் இதற்கு வழி உண்டு. பருவங்களை ஒப்பிட பிரே–கர்ட்டிஸ் வேறுபாட்டை (இரண்டு மாதிரியின் இனக்கலவை எவ்வளவு வேறு என்று சொல்லும் எண்) போட்டு, வரைபடத்தில் புள்ளிகளை மாதப் பெயரால் குறிப்பதோடு, கலங்கலாலும் வெள்ளம் போன நாளாலும் நிறம் மாற்றிப் பாருங்கள். பல சமயம் ஏப்ரலும் அக்டோபரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்த மாணவி ஆகஸ்டு பாட்டிலில் மிச்சமிருந்ததை நீரில் வைத்து மறுபடி பார்த்தார். நூறில் 19 ஓட்டுக்குள்தான் நிறமியின் மிச்சம் தெரிந்தது. லூகால் ஊற்றிய பழைய மாதிரி என்பதால் அந்த 19-ஐக்கூட அவரால் உறுதியாக எழுத முடியவில்லை. அடுத்த ஆகஸ்டில் திரும்பப் போனார், நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு.

13. பாட்டிலைக் கொட்டாதீர்கள்

ஆய்வு முடிந்ததும் அலமாரி வேண்டும் என்று முதலில் தூக்கியெறிவது மூல மாதிரிகளைத்தான். டயாட்டப் பெயர்கள் அடிக்கடி மாறும். இன்று ஒரே இனம் என்று எழுதியது நாளை மூன்றாகப் பிரியும். பதப்படுத்திய பங்கில் 10 மி.லி.யையும், ஒவ்வொரு தொகுப்புக்கும் இரண்டு ஸ்லைடையும் வையுங்கள். ஸ்லைடில் வைரமுனையால் எண் பொறியுங்கள். ஒட்டிய சீட்டு ஐந்தாறு வருடத்தில் உதிர்ந்துவிடும். பெட்டியின் மூடிக்குள் நிலையம், தேதி, நேரம், கரைப்பாறைக் கோட்டுக்கு நீர் எவ்வளவு கீழே இருந்தது என்ற நாலையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். லூகால் பாட்டில்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து, நிறம் வெளுத்திருந்தால் இரண்டு சொட்டு விட்டு மூடுங்கள்.